இடது கையில் நூல், இரண்டு கையிலும் ஊசி

ஒற்றைக் கொக்கி ஊசியால் நூல் பின்னும் குரோஷேவை அருமையாகப் போடுகிறவர்கள், வாசல் தோரணத்திலிருந்து குழந்தை ஃபிராக் வரை பேசிக்கொண்டே போட்டு முடிக்கிறவர்கள், நிட்டிங்கின் இரண்டு நேர் ஊசிகளைக் கையில் எடுத்த கொஞ்ச நேரத்தில் "இது நமக்கு வராதுப்பா" என்று ஒதுக்கி வைத்துவிடுவதை என் தோழிகளிடம் நிறையப் பார்க்கிறேன். எனக்கு அது வருத்தமாக இருக்கிறது. குரோஷே தெரிந்தவருக்கு நிட்டிங்கில் பாதி வேலை ஏற்கெனவே முடிந்திருக்கிறது. எந்தப் பாதி என்பதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை, அவ்வளவுதான். நானும் குரோஷேவிலிருந்து வந்தவள்தான், நிட்டிங்கில் இன்னும் ஆரம்ப நிலையில் இருக்கிறேன். அதனாலேயே இப்போது எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது, நன்றாகப் பழகிய பிறகு எது கஷ்டமாக இருந்தது என்பதே மறந்துபோகும்.

நம் பக்கம் குரோஷேக்குப் பெரிய கூட்டமே உண்டு. 2016இல் சென்னையில் பெண்கள் சேர்ந்து போட்ட போர்வை 11,000 சதுர மீட்டருக்கு மேல் விரிந்து கின்னஸ் சாதனையானது, குரோஷே போடுகிறவர்கள் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். பள்ளியில் சிஸ்டர் சொல்லிக்கொடுத்தது, பாட்டி சொல்லிக்கொடுத்தது என்று ஆளுக்கொரு கதை வைத்திருப்பார்கள். நிட்டிங் அப்படிப் பரவவில்லை. கோயம்புத்தூர் வெயிலில் ஸ்வெட்டர் யாருக்கு வேண்டும்? மலைக்குப் போனால்தான் ஊசியும் கையுமாக யாராவது கண்ணில் படுவார்கள். எனக்கு அது குன்னூரில் இருக்கும் அத்தை. வீட்டில் எல்லோருக்கும் அவர் போட்ட ஸ்வெட்டர் ஒன்றாவது இருக்கும்.

அத்தை நூலை வலது கையில் பிடிப்பவர். வலது ஊசியைக் கண்ணிக்குள், அதாவது ஊசியில் இருக்கும் நூல் வளையத்துக்குள் விட்டு, வலது கையால் நூலைத் தூக்கி ஊசி மேல் போட்டு, இழுத்து எடுப்பார். ஆங்கிலேய முறை என்பார்கள், இங்கே பெரும்பாலும் அந்த முறைதான் சொல்லிக்கொடுக்கிறார்கள். எனக்கு அது கொஞ்சமும் ஒட்டவில்லை. குரோஷேவில் வருஷக்கணக்காக நூல் இடது கையில்தான் இருந்திருக்கிறது. சுண்டு விரலில் ஒரு சுற்று, ஆள்காட்டி விரலின் மேல் ஓர் ஓட்டம், நூல் எவ்வளவு இறுக்கமாக வரவேண்டும் என்று முடிவு செய்வது அந்த இடது கைதான். அந்தக் கையிடமிருந்து நூலைப் பிடுங்கி, இதுவரை கொக்கியை மட்டுமே ஆட்டிய வலது கையிடம் கொடுத்தால் இரண்டு கைக்கும் வேலை தெரியாமல் போய்விடுகிறது. அத்தையிடம் தயங்கித் தயங்கித்தான் கேட்டேன், நூலை இடது கையிலேயே வைத்துக்கொள்ளலாமா என்று. "உனக்கு எந்தக் கையில வருதோ அதுல புடி கண்ணு, கண்ணி சரியா விழுந்தாப் போதும்" என்றார். நாற்பது வருஷமாக வேறு முறையில் போட்டவர் அவ்வளவு எளிதாகச் சொன்னது எனக்குப் பெரிய உதவி.

நூலை இடது கையில் வைத்துப் போடும் முறைக்குக் கான்டினென்டல் என்று பெயர், ஜெர்மனி பக்கமெல்லாம் அப்படித்தான் போடுகிறார்கள். (போர்ச்சுகலில் நூலைக் கழுத்தைச் சுற்றிக் கொண்டுவந்து போடுகிறவர்களும் உண்டு, ஆக இதில் சரியான கை என்று எதுவும் கிடையாது.) குரோஷே போடுகிறவர்கள் யாராக இருந்தாலும் இந்த முறையில்தான் தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். வீடியோ தேடும்போதும் "கான்டினென்டல்" என்று சேர்த்தே தேடுங்கள். ஒன்றே ஒன்றை மட்டும் மாற்றிக்கொள்ளவேண்டும். குரோஷேவில் ஆள்காட்டி விரலை உயரத் தூக்கி வைத்திருப்போம், இங்கே அந்த விரல் இடது ஊசியின் முனைக்குப் பக்கத்திலேயே தாழ்வாக இருக்கட்டும். கொக்கிக்கு நூலைப் பிடித்து இழுக்கத் தெரியும், வழுவழுப்பான ஊசி முனைக்கு அது தெரியாது, நூல் கிட்டத்தில் இருந்தால்தான் எடுக்க முடியும்.

கை விஷயம் அவ்வளவுதான். உண்மையில் புதிதாகப் பழகவேண்டியது கண்.

குரோஷேவில் எந்த நேரத்திலும் உயிரோடு இருப்பது ஒரே ஒரு கண்ணி, கொக்கியில் தொங்குவது. அதற்கு முன்னால் போட்டதெல்லாம் மூடி முடிந்துவிட்டது. நிட்டிங்கில் ஒரு வரிசையில் நாற்பது கண்ணி இருந்தால் நாற்பதும் உயிரோடு திறந்தபடி ஊசியில் உட்கார்ந்திருக்கும், ஊசியை உருவினால் நாற்பதும் ஒன்றாக நிற்கும், பிடிக்க ஆளில்லாமல். கையால் கட்டிய மல்லிகைச் சரத்தையும் ஊசியில் கோத்த சரத்தையும் நினைத்துப் பாருங்கள், கட்டிய சரத்தில் ஒவ்வொரு பூவும் தன் முடிச்சில் நிற்கும், கோத்த சரத்தில் நூல் மட்டும்தான் எல்லாவற்றையும் பிடித்திருக்கும். குரோஷே தெரிந்தவர்களைப் பயமுறுத்துவது இதுதான் என்று நினைக்கிறேன். தப்பு வந்தால் சர்ரென்று உருவி, அந்த ஒற்றைக் கண்ணியில் கொக்கியை விட்டு மறுபடி தொடங்கிப் பழகியவர்களுக்கு இத்தனை கண்ணிகளை ஒரே நேரத்தில் நம்பிக்கொண்டிருப்பது பதற்றமாகத்தான் இருக்கும்.

அந்தப் பதற்றம் எனக்குப் போனது ஊசியால் அல்ல, பனியன் துணியால். இங்கிருந்து திருப்பூர் கூப்பிடு தூரம், எங்கள் வீட்டில் யாராவது ஒருவருக்காவது பனியன் கம்பெனியோடு தொடர்பு இருந்துகொண்டே இருக்கும். ஆனாலும் போட்டிருக்கும் டி-ஷர்ட்டை உற்றுப் பார்க்க வேண்டும் என்று தோன்றியதே இல்லை. ஒரு பழைய டி-ஷர்ட்டை எடுத்து வெளிச்சத்தில் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வெளிப்பக்கம் சின்னச் சின்ன 'வி' வடிவங்கள் ஒன்றின் மேல் ஒன்றாக வரிசை வரிசையாக ஏறிப்போகும். உள்பக்கம் திருப்பினால் 'வி' காணாமல் போய், படுக்கைவாட்டில் சிறு மேடுகள் மட்டும் தெரியும். வெளிப்பக்கம் நிட், உள்பக்கம் பர்ல். ஒரே கண்ணியின் முன்னும் பின்னும்தான் இந்த இரண்டும். கண்ணியை நம் பக்கம் இழுத்தால் நிட், அப்பால் தள்ளினால் பர்ல். நிட்டிங்கில் அடிப்படையே இந்த இரண்டுதான், மற்றதெல்லாம் இவற்றை மாற்றி மாற்றி வைப்பதும் கூட்டிக் குறைப்பதும். குரோஷேவில் செயின், ஸ்லிப், சிங்கிள், ஹாஃப் டபுள், டபுள், ட்ரெபிள் என்று பலவகைக் கண்ணிகள் பழகியவர்களுக்கு இது பெரிய நிம்மதி. அதிலும் குரோஷேவில் அமெரிக்கக்காரர்கள் சிங்கிள் என்பதை பிரிட்டிஷ்காரர்கள் டபுள் என்பார்கள், பேட்டர்ன், அதாவது பின்னும் குறிப்பு, எந்த நாட்டுடையது என்று பார்க்காமல் தொடங்கவே முடியாது. நிட்டும் பர்லும் எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

டி-ஷர்ட்டின் கழுத்துப் பட்டையையும் கொஞ்சம் இழுத்துப் பாருங்கள். அங்கே ஒரு நிட், ஒரு பர்ல் என்று மாறி மாறி வரும், அதனால்தான் தலை நுழையும்போது விரிந்து பிறகு பழைய இடத்துக்கே வந்துவிடுகிறது. கம்பெனியில் ரிப் என்று சொல்வது அதைத்தான், ஸ்வெட்டர் மணிக்கட்டில் கையால் போடுவதும் அதையேதான்.

அந்தத் துணியைப் பின்னும் இயந்திரத்தில் என்ன ஊசி இருக்கிறது தெரியுமா? கொக்கி! ஒரு சின்ன மூடியோடு, திறந்து மூடும் குட்டிக் கொக்கி. லாட்ச் நீடில் என்பார்கள். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்தின் லெஸ்டரில் மத்தேயு டவுன்சென்ட் என்பவர் கொண்டுவந்தது. வட்டமான இயந்திரத்தைச் சுற்றி நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் இந்தக் கொக்கிகள் நிற்கும், ஒவ்வொரு கண்ணிக்கும் அதற்கென்று ஒரு கொக்கி. இதை அறிந்தபோது எனக்கு மொத்தமும் தெளிவானது. குரோஷேவில் ஒரு கொக்கி, ஒரு கண்ணி. பனியன் இயந்திரத்தில் கண்ணிக்கொரு கொக்கி. கை நிட்டிங்கில் கொக்கிகளுக்குப் பதிலாக எல்லாக் கண்ணிகளையும் தாங்கும் ஒரு கம்பி. திறந்திருக்கும் கண்ணியைப் பார்த்துப் பயப்பட ஒன்றுமில்லை, நாம் தினமும் உடம்பில் போட்டுக்கொண்டு திரியும் துணி முழுவதும் அப்படித் திறந்த கண்ணிகளை ஒன்றோடொன்று மாட்டி உண்டானதுதான். குரோஷேக்கு இன்னொரு பெருமையும் இருக்கிறது: 1589இல் வில்லியம் லீ காலுறை பின்னும் இயந்திரம் செய்ததிலிருந்து நிட்டிங் இயந்திரத்துக்குப் போய்விட்டது, குரோஷேவை அப்படியே போட்டுத் தள்ளும் இயந்திரம் எதுவும் தொழிற்சாலைகளுக்கு வரவில்லை. கடையில் தொங்கும் அசல் குரோஷே ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் கையால் போட்டது. அதனால் வாங்கும்போது விலையைக் குறைத்துப் பேசாதீர்கள்.

சரி, ஊசிக்கு வருவோம். நிட் வரிசை வந்துவிட்டது, பர்ல் வரிசையும் போட்டாயிற்று, ஆனால் துணி ஏனோ இறுக்கமாக, சாய்வாக, 'வி'யின் அடி குறுக்கே பின்னிக்கொண்டு 'ஒய்' மாதிரி தெரிகிறது என்றால், அது குரோஷே கைகளுக்கு வழக்கமாக நடப்பது. காரணம் இதுதான். ஒவ்வொரு கண்ணியும் ஊசியின் மேல் இரண்டு கால் போட்டு உட்கார்ந்திருக்கிறது, ஒரு கால் நம் பக்கம், ஒரு கால் பின்பக்கம். இரண்டில் ஊசி முனைக்கு நெருக்கமாக இருப்பதுதான் முந்திய கால். வழக்கமான முறையில் முந்திய கால் நம் பக்கம் இருக்கும். பர்ல் போடும்போது நூல் ஊசியின் மேலே ஏறிச் சுற்றி இறங்க வேண்டும், ஆனால் கொக்கி பிடித்துப் பழகிய கை ஊசி முனையால் நூலைச் சட்டென்று வாரி எடுத்துவிடும், சுற்று எதிர்த்திசையில் விழுந்து முந்திய கால் பின்பக்கம் போய்விடும். அடுத்த வரிசையில் பழக்கப்படி நம் பக்கக் காலில் ஊசியை விட்டால் கண்ணி முறுக்கிக்கொள்கிறது.

இதற்கு இரண்டு வழி. பர்லில் நூலைச் சுற்றும் திசையை மாற்றிக்கொள்ளலாம். அல்லது, வாரி எடுப்பது கைக்கு இதமாக இருந்தால் அப்படியே எடுத்துவிட்டு, அடுத்த நிட் வரிசையில் பின்பக்கக் காலில் ஊசியை விடலாம். கண்ணி முறுக்காமல் நேராகத்தான் வரும். இப்படிப் போடுவதும் ஒரு முறைதான், காம்பினேஷன் என்று அதற்குப் பெயரே இருக்கிறது, தவறு என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். நான் இரண்டாவது வழியில் போடுகிறேன். எதில் போட்டாலும் கைக்குப் பாடம் ஒன்றுதான்: ஊசியை விடுவதற்கு முன் எந்தக் கால் முந்தியிருக்கிறது என்று பாருங்கள். இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டால் கண்ணி நழுவினாலும், திரும்பிப் போட்டுவிட்டாலும், ஊசியில் எப்படி மறுபடி ஏற்றுவது என்று யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

நிட் ஒரு வரிசை, பர்ல் ஒரு வரிசை என்று போட்டால் துணி சுருண்டுகொள்ளும், அதைப் பார்த்துத் தோழி ஒருத்தி நூல் சரியில்லை என்று மாற்றிக்கொண்டே இருந்தாள். அது நூலின் குணமல்ல, அந்தப் பின்னலின் குணம். பக்கவாட்டு ஓரங்கள் பின்னால் சுருளும், மேல் ஓரமும் கீழ் ஓரமும் முன்னால் சுருளும். குரோஷே போடுகிறவர்களுக்கு இது ஏற்கெனவே தெரிந்த விஷயம்! பழைய டி-ஷர்ட்டைப் பட்டை பட்டையாக வெட்டி இழுத்துப் பை போடுவோமே, பட்டை தானாகச் சுருண்டு குழாய் மாதிரி நூலாகிறதே, அதுவும் இதே சுருளல்தான். முதல் துண்டுக்கு அது வேண்டாம் என்றால் எல்லா வரிசையும் நிட்டாகவே போடுங்கள். கார்ட்டர் என்பார்கள், இரண்டு பக்கமும் மேடு மேடாக, தட்டையாகப் படுக்கும். இரண்டு வரிசை சேர்ந்து ஒரு மேடு ஆகும், எத்தனை கண்ணியோ அத்தனை மேடு போட்டால் ஏறக்குறைய சதுரம் வந்துவிடும். 30 கண்ணி ஏற்றி 30 மேடு, ஒரு கைப்பிடித் துணி தயார். வரிசை திரும்பும்போது குரோஷே மாதிரி செயின் போட்டு உயரம் ஏற்றவும் வேண்டாம், ஊசிகளைக் கை மாற்றினால் போதும், எனக்கு அது இன்னமும் சந்தோஷமாக இருக்கிறது.

ஊசி வாங்கும்போது எண்ணைப் பார்க்காதீர்கள், மில்லிமீட்டரைப் பாருங்கள். நம் ஊர்க் கடைகளில் பெரும்பாலும் பழைய பிரிட்டிஷ் எண் இருக்கும், அதில் எண் கூடினால் ஊசி மெலியும்: 8 என்றால் 4 மி.மீ., 10 என்றால் 3.25 மி.மீ., 12 என்றால் 2.75 மி.மீ. அமெரிக்க எண் நேரெதிர், அங்கே 8 என்பது 5 மி.மீ. இணையத்தில் கிடைக்கும் பேட்டர்ன்கள் நிறைய அமெரிக்காவுடையவை, எண்ணை நம்பி வாங்கினால் தொப்பி சின்னதாகிவிடும். ஆரம்பத்துக்கு 4 மி.மீ. மூங்கில் ஊசியைத்தான் சொல்வேன். அலுமினியத்தில் கண்ணி வழுக்கும், குரோஷேவிலிருந்து வருகிறவருக்கு அந்த வழுக்கல் வேண்டாம், மூங்கில் கொஞ்சம் பிடித்து வைத்துக்கொள்ளும். முடிந்தால் நடுவில் ஒயர் உள்ள வட்ட ஊசியாக வாங்குங்கள். அதில் நேர் துண்டும் போடலாம், துணியின் கனம் மணிக்கட்டில் தொங்காமல் மடியில் உட்காரும், பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவரையும் இடிக்காது. வேலையை எடுத்து வைக்கும்போது இரண்டு முனையிலும் ரப்பர் பேண்ட் சுற்றிவிடுங்கள், கண்ணி நழுவாது.

நூல் விஷயத்தில் என் கருத்து கொஞ்சம் வேறு. குரோஷேக்குப் பருத்தி அருமை, வீட்டில் மிச்சம் இருப்பதும் அதுதான், அதை வைத்தே நிட்டிங் தொடங்கலாம் என்று தோன்றும். வேண்டாம். பருத்தி நூல் இழுத்தால் நீளாது, புதிதாகப் பழகும் விரல்கள் சீக்கிரம் வலிக்கும், கண்ணியின் ஏற்ற இறக்கமும் அப்படியே வெளியே தெரியும். கம்பளியோ, கம்பளி கலந்த நூலோ இருந்தால் சின்ன வித்தியாசங்களைத் தானே சரிசெய்துகொள்ளும், இல்லாவிட்டால் மெத்தென்ற அக்ரிலிக் உல்லனும் போதும். வெளிர் நிறமாக இருக்கட்டும், கறுப்பிலும் கருநீலத்திலும் எந்தக் கால் முந்தியிருக்கிறது என்று தெரியவே தெரியாது. கை பழகியபின் பருத்திக்குத் திரும்புங்கள், நம் வெயிலுக்குக் குழந்தைத் தொப்பி பருத்தியில்தான் நல்லது. பிறந்த குழந்தைக்குக் குரோஷே தொப்பி போட்டால் அழகாக இருக்கும், ஆனால் துணி கனமாக, கொஞ்சம் விறைப்பாக நிற்கும். அதே நூலில் ரிப் விளிம்பு வைத்து நிட் தொப்பி போட்டால் மெல்லிசாக, தலையோடு ஒட்டி, குழந்தை வளர வளர இழுபட்டுக் கொடுக்கும். எது எதற்கு என்று தெரிந்து போடத்தான் இரண்டும் தெரிந்திருக்க வேண்டும் என்கிறேன்.

அப்புறம், கொக்கியைப் பெட்டிக்குள் வைத்துவிடாதீர்கள். நிட்டிங்கில் குரோஷே ஊசி கையில் இருப்பவருக்கு ஒரு தைரியம் உண்டு. நடுவில் ஒரு கண்ணி நழுவி நாலைந்து வரிசை கீழே ஓடிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள், அந்த இடத்தில் குறுக்குக் கம்பிகள் போல நூல் தெரியும். 'வி' தெரியும் பக்கத்தைத் திருப்பிக்கொண்டு, விழுந்த கண்ணிக்குள் கொக்கியை முன்னாலிருந்து விட்டு, அதற்கு நேர் மேலே இருக்கும் நூலைப் பிடித்து உள்ளே இழுங்கள். ஒரு வரிசை ஏறிவிட்டது. அடுத்த நூல், மறுபடி இழுங்கள். நம் கைக்கு இது செயின் போடுவதுதான், வேறொன்றும் இல்லை, மேலே வந்ததும் முந்திய கால் பார்த்து ஊசியில் ஏற்றிவிடலாம். நிட்டிங் மட்டும் தெரிந்தவர்கள் தடுமாறும் இடம் இது, குரோஷே போடுகிறவர் கண் சிமிட்டும் நேரத்தில் முடித்துவிடுவார்.

ஆரம்பக் கண்ணிகளை ஏற்றுவதற்கும் கொக்கியே போதும். ஊசியை இடது கையில் பிடித்து, நூலை அதன் பின்னால் விட்டு, கொக்கியில் இருக்கும் கண்ணியோடு ஊசியின் மேலாக ஒரு செயின் போடுங்கள், ஊசியில் ஒரு கண்ணி ஏறியிருக்கும். நூலை மறுபடி ஊசிக்குப் பின்னால் கொண்டுபோய் அடுத்தது. இப்படித் தொடங்கிய ஓரமும், கடைசியில் வழக்கமான முறையில் கண்ணிகளை மூடிய ஓரமும் ஒரே மாதிரி செயினாகத் தெரியும், மப்ளர் போடுகிறவர்களுக்கு இரண்டு நுனியும் பொருந்தி வரும்.

இப்போது போட்டுக்கொண்டிருப்பது ஒரு மப்ளர், மார்கழியில் அதிகாலை நடைக்குப் போகும் அப்பாவுக்கு. உடம்பு முழுக்க கார்ட்டர், ஓரத்துக்கு மட்டும் குரோஷே கரை வைக்கப் போகிறேன், ஒவ்வொரு மேட்டுக்கும் ஒரு சிங்கிள் என்ற கணக்கில். இதே கரையை நிட் வரிசை, பர்ல் வரிசை மாறி வரும் துணியில் வைப்பதென்றால் கணக்கு மாறும், பக்க ஓரத்தில் 4 வரிசைக்கு 3 சிங்கிள் எடுத்தால்தான் கரை அலையடிக்காமல் படுக்கும்.